எதிர்க்கடைச் சரக்கு

திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் போகிற கடைத்தெருவில் ரெஜினாவைத் தெரியாதவர் கிடையாது. ஆளைப் பார்க்காதவர்கூடக் குரலைக் கேட்டிருப்பார். மாடியில் நின்று அவள் ஒரு அதட்டல் போட்டால், எண்ணூர் ரோட்டில் ஹாரனை அமுக்கிக்கொண்டே போகிற கண்டெய்னர் லாரிக்காரன்கூட ஒரு நொடி கையை எடுத்துவிடுவான். அப்படிப்பட்ட தொண்டை. சர்ச் பாடகர் குழுவில் அவளைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள், அதுவும் மைக்குக்கு ரொம்பத் தள்ளி.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கிற துணிச்சல் ஆரம்பத்தில் சிலருக்கு இருந்தது, இப்போது யாருக்கும் இல்லை. "ஏன், உங்க வீட்டுப் பந்தியிலயா வந்து உக்காந்தேன்?" என்று ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்பாள். ஆனால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்பாள்.

கீழே அவள் அண்ணன் தேவப்பிரியத்தின் மளிகை மொத்த வியாபாரம். அவர்கள் அப்பா சாயர்புரம் பக்கத்திலிருந்து வந்து தொடங்கிய கடை. மேலே இருக்கிற ஹால்தான் ரெஜினாவின் ராஜ்ஜியம். அண்ணன் மகன் கனடாவுக்குப் படிக்கப் போனபோது, டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி ஒன்றை விட்டுவிட்டுப் போனான். தூசி தட்ட எடுத்த ரெஜினா, சும்மா போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டாள். திரையில் கார் ஓடியது. பக்கத்துக் கடை ஆட்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். ஒருவனை ஒருவன் முந்த அவர்கள் போட்ட கூச்சலைப் பார்த்தாள் பாருங்கள், அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்து இன்னும் சில பெட்டி, பெரிய டிவி, பழைய சோபா எல்லாம் வாங்கிப் போட்டு 'ரெஜினா கேம்ஸ்' என்று போர்டு மாட்டிவிட்டாள்.

கொஞ்ச காலம் கடை நன்றாகத்தான் ஓடியது. பிறகு எதிர்வாடையில் ராமசெல்வி கம்ப்யூட்டர் கேம் தொடங்கினாள். பிடித்தது சனி.

ராமசெல்வி யார் என்றால், எதிர்க் கடைக்காரர் இசக்கிப்பாண்டியின் மகள். ரெஜினாவின் அப்பாவும் இசக்கிப்பாண்டியும் ஒரே ஊர்ப் பக்கம், ஒரே மளிகைத் தொழில், எதிரெதிர் கடை. வாசலில் மூட்டை அடுக்கிய தகராறில் பேச்சு நின்றது, இரண்டு பேரும் கண்ணை மூடுகிற வரைக்கும் திரும்ப வரவில்லை. அப்பா போன பிறகு ராமசெல்வி மளிகையை எடுத்துவிட்டு பிரவுசிங் செண்டர் வைத்தாள். ஜெராக்ஸ், கரண்ட் பில், பரீட்சை ஹால் டிக்கெட் என்று எல்லாம் பார்த்தவள், கடைசியில் கம்ப்யூட்டர் கேமுக்கு வந்து சேர்ந்தாள். பேச்சு நின்றது மட்டும் இந்தத் தலைமுறையிலும் அப்படியே தொடர்ந்தது.

ரெஜினாவின் பெட்டியில் ஒரு தொல்லை இருந்தது. அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனி, இன்டர்நெட்டில் தான் வைத்திருக்கும் கடையில் விற்கிற கேமை மட்டும்தான் அதில் ஆட விடும். கம்ப்யூட்டர் அப்படி இல்லை. அதற்கு அந்தக் கடை, இந்தக் கடை என்று போட்டி போட்டுக்கொண்டு விற்கிற கடைகள் நிறைய. புதுசு புதுசாக வருகிற கேம் எல்லாம் அங்கேதான் முதலில் வந்தது. ஜனங்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டினார்கள். ரெஜினா ஜன்னலில் நின்று பார்த்துப் பல்லைக் கடித்தாள். வேறென்ன செய்வாள்?

இந்த நேரத்தில் அண்ணன் மாடிக்கு வந்தார். போன மழைக்குக் கீழே தண்ணீர் புகுந்து அரிசி மூட்டைகள் நாசமாகிப்போயிருந்தன. அடுத்த மழை வாசலில் நின்றது. அவரையும் குறை சொல்ல முடியாது.

"ஏட்டி, ஹாலு சும்மாதான கெடக்கு? மூட்டைய மேல ஏத்திரலாம்னு பாக்கேன்" என்றார்.

"சும்மா கெடக்கா? யாரு சொன்னா? ஞாயித்துக்கிழம சாயங்காலம் வந்து பாரு. ஹாலு நெறையலேன்னா நானே உன் மூட்டைய முதுகுல தூக்கி ஏத்துதேன்!"

சொல்லிவிட்டாள். அண்ணனும், சரி, ஞாயிறு வரைக்கும் பார்ப்போம் என்று இறங்கிப் போய்விட்டார். இனி ஹால் நிறைந்தால் கடை, நிறையாவிட்டால் அரிசிக் குடோன். எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னாள் என்று கேட்பீர்கள். காரணம் இருந்தது.

முந்தின நாள்தான் பெட்டியில் ஒரு அறிவிப்பு வந்திருந்தது. வேண்டியவர்கள் சோதனைக்குச் சேரலாம், சேர்ந்தால் புது அப்டேட் வரும், அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் கேம் விற்கிற மற்றக் கடைகளையும் இதே பெட்டிக்குள் திறக்கலாம் என்று. ரெஜினா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் வியாபாரி வீட்டில் பிறந்தவள். போட்டிக்காரனைக் கூப்பிட்டு, என் கடைக்குள்ளேயே நீயும் கடை விரி என்று எந்த வியாபாரியாவது சொல்வானா? கம்பெனிக்காரனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா? அப்புறம் பளிச்சென்று புரிந்தது. சரக்கு யாருடையதாக இருந்தால் என்ன, வாடிக்கை நம்முடைய வாசலைத் தாண்டாமல் இருக்கிறானே! அடேங்கப்பா, என்ன மூளை! சோபாவிலிருந்து துள்ளி எழுந்து, ஆளில்லாத ஹாலில் தானாகக் கைதட்டிக்கொண்டாள்.

உடனே சோதனைக்குச் சேர்ந்தாள், அப்டேட் ஏறியது. திரையில் வரிசையாக மூன்று புதுக் கட்டங்கள், மூன்று போட்டிக் கடைகள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. ஒன்றைத் தொட்டாள். கதவு திறக்கிற மாதிரி திறந்தது. ரெஜினாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அண்ணன் இறங்கிப் போன அன்று மாலை செங்கொடி தெருவில் போய்க்கொண்டிருந்தாள். செங்கொடி வியாசர்பாடிக்காரி. கண்டெய்னர் யார்டில் கேட் எண்ட்ரி வேலை. ஃபுட்பால் கிரவுண்டிலேயே வளர்ந்தவள். வேலை முடிந்ததும் தோழிகளோடு ராமசெல்வி கடையில் உட்கார்ந்து, ஏதோ ஊரில் நாலு பேர் சேர்ந்து செய்த ஒரு தெரு ஃபுட்பால் கேமை ஆடிவிட்டுத்தான் வீட்டுக்குப் பஸ் ஏறுவாள். அந்த கேம் கம்ப்யூட்டருக்கான இன்டர்நெட் கடையில் மட்டும்தான் கிடைக்கும். ரெஜினா மாடியிலிருந்தே அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னாக்கா சொல்ற? நம்ம ஃபுட்பாலு உன் பொட்டில வருமா? மெய்யாலுமா?"

"வரும்."

"நா கடைல காசு குட்த்து வாங்கி வெச்சிகீறேனே, அத்தையே ஆடலாமா? இல்ல மறுக்கா வாங்கணுமா?"

"உன் கணக்கத் தொறந்தா உன் கேம் எல்லாம் அப்படியே வரும்."

"எல்லாரும் ஒண்ணா சோபால குந்திகினு?"

"குந்திகினு, படுத்துகினு, எப்படி வேணா! ஞாயித்துக்கிழம உன் டீமு மொத்தத்தையும் கூட்டிட்டு வா!"

ரெஜினா இதில் எதையுமே போட்டுப் பார்த்திருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கதவு திறந்ததைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஆனால் கடைக்காரக் குடும்பத்து நாக்கு அது. வாடிக்கையாளர் வந்து ஒன்றைக் கேட்டால் இல்லை என்கிற சொல்லே அதில் வராது. சின்ன வயதில் கடையில் சீனி தீர்ந்துபோய் ஒரு தடவை "இல்ல" என்று சொன்னதற்கு அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறாள்.

அதோடு நின்றாளா? ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தாள். 'எல்லாக் கடை கேமும் இனி ஒரே கடையில்! ரோட்டைத் தாண்ட வேண்டாம்!' என்று கொட்டை எழுத்தில். ராமசெல்வி கல்லாவிலிருந்து நிமிர்ந்தால் நேராகக் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துக் கட்டினாள். கட்டிவிட்டு நின்று ரசித்தாள். ராமசெல்வி ஒரு முறை நிமிர்ந்து படித்தாள், ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் வைக்கப் போய்விட்டாள்.

ஞாயிறு வந்தது. ரெஜினாவுக்குச் சர்ச்சில் பாட்டு ஓடவில்லை, பிரசங்கம் காதில் ஏறவில்லை. மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்து ஹாலைத் திறந்தாள். செங்கொடி டீமோடு வந்தாள். அவர்களுக்குப் பின்னால் தெருவே வந்தது. ஹார்பர் லேபர் ஆட்கள், காசிமேட்டு வலைக்காரர்கள், அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் முடித்தவர்கள், சும்மா வேடிக்கைக்கு வந்தவர்கள் என்று சோபா போதாமல் தரையில், தரை போதாமல் படியில் உட்கார்ந்தார்கள். ரெஜினாவுக்குக் காலே தரையில் பாவவில்லை.

"யாரு மொதல்ல? செங்கொடி, வா, கணக்கத் தொற!"

செங்கொடி பெயரையும் ரகசியச் சொல்லையும் அடித்தாள். திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு, புது இடத்திலிருந்து திறக்கிறீர்கள், உங்கள் போனுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது.

செங்கொடி போனைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. திரும்ப அனுப்பச் சொன்னாள். வரவில்லை. அவள் தோழி தன் கணக்கைப் போட்டாள். அவள் போனுக்கும் வரவில்லை. வலைக்காரர் ஒருவர் போட்டார். அவருக்கும் அதே கதி.

"எந்த நம்பருக்குத்தான் போகுது?" என்று ரெஜினா கத்தினாள்.

செங்கொடி நெற்றியில் அறைந்துகொண்டாள். "அய்யய்யோ! எக்கா, பேஜாரு ஆய்டுச்சி! கணக்கு தொறந்து குட்த்ததே செல்வியக்காதான். அப்போ எங்கள்ல எவ கைல நிலையா ஒரு நம்பரு இருந்திச்சி? மாசத்துக்கு ஒரு சிம்மு மாத்துவோம். அதான் அவங்க நம்பரையே போட்டாங்க. எனக்கு மட்டுமில்ல, இங்க குந்திகினு கீற அத்தினி பேருக்கும்!"

உண்மைதான். அந்தத் தெருவில் மெயில் ஐடி வேண்டும் என்றாலும் சரி, கேம் கணக்கு வேண்டும் என்றாலும் சரி, எல்லோரும் போய் நின்றது ராமசெல்வி முன்னால்தான். நம்பர் என்ன என்று கேட்டால் முழிப்பார்கள். சரி, என் நம்பரைப் போடுகிறேன் என்று அவள் போட்டுவிடுவாள். பூட்டுக்கு உள்ளே இருக்கிற சரக்கு ஜனங்களுடையது, சாவி மொத்தமும் எதிர்க்கடையில்.

ரெஜினா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முதலில் தெரிந்தது அவள் கட்டின ஃப்ளெக்ஸின் முதுகு. அதற்கு அந்தப் பக்கம் ராமசெல்வி. மாலை ஆகிக்கொண்டிருந்தது, அண்ணன் எந்த நேரமும் வருவார். கூட்டம் அரை மனதோடு எழுந்திருக்கத் தொடங்கியது.

"ஒருத்தரும் எந்திரிக்கப் படாது! இதோ வந்துட்டேன்!" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். போகிற போக்கில் ஃப்ளெக்ஸின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அது தொப்பென்று தெருவில் விழுந்தது.

ராமசெல்வி கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தாள். கடையில் ஒரு ஆள் இல்லை. அவள் முன்னால் போன் விடாமல் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது.

"வா" என்றாள் ராமசெல்வி, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே. "நம்பர் மேல நம்பரா வந்து விழுது. எப்ப வருவேன்னுதான் பாத்துட்டு இருந்தேன். ரோட்டத் தாண்ட வேண்டாம்னு எழுதிப் போட்டிருந்த? இப்ப யாரு தாண்டினது?"

ரெஜினாவுக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்கிற வார்த்தை அவள் வாயில் எப்போதும் சிக்கிக்கொள்ளும். வேறு ஒரு வார்த்தை வந்தது.

"சரக்கு வேணும்" என்றாள்.

ராமசெல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு அப்பாக்களும் பேசிக்கொள்ளாத அத்தனை வருஷமும் அவர்களுக்குள் ஓடிய ஒரே வார்த்தை அது. இங்கே பருப்பு தீர்ந்து ஒரு வாடிக்கை நின்றால், ஆளை அங்கே அனுப்பி "சரக்கு வேணும்" என்பார்கள். அங்கே எண்ணெய் தீர்ந்தால் இங்கே வரும். வாங்கின விலைக்கே அளந்து கொடுத்துவிட வேண்டும், எதற்கு, யாருக்கு என்று ஒரு கேள்வி கேட்கக் கூடாது. தெற்கேயிருந்து வந்த கடைக்காரர்களுக்குள் அப்படி ஒரு கட்டுப்பாடு. பகை பகையாகவே இருக்கும், ஆனால் வாசலில் நிற்கிற வாடிக்கை வெறுங்கையோடு போகக் கூடாது.

"நல்லா வார்த்தைய எடுத்த நீ, ஏளா" என்றாள் ராமசெல்வி. "இதக் குடுத்துட்டா நாளைக்கு என் கடைக்கு எவன் வருவான்? தெரிஞ்சுதான கேக்க?"

"தெரிஞ்சுதான் கேக்கேன்."

ராமசெல்வி வரிசையாக நின்ற தன் கம்ப்யூட்டர்களைக் கையால் காட்டினாள். "இதெல்லாம் கெழடாப் போச்சு. புது கேம் ஒண்ணு போட்டா மூச்சு வாங்குது. நாளைக்குச் சரியாயிரும், நாளைக்குச் சரியாயிரும்னு மாசக்கணக்காச் சொல்லிட்டு இருக்கேன். இல்லைன்னு சொல்ல எங்கப்பாவும் எனக்குச் சொல்லிக்குடுக்கல." எழுந்து போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். "போனைத் தர மாட்டேன். நானே வாரேன்."

ராமசெல்வி மாடிப்படியில் தலையைக் காட்டியதும் ஹால் இரண்டு பட்டது பாருங்கள், அந்த விசிலும் கூச்சலும்! "செல்வியக்கா வந்துகினு கீது டோய்!" என்று செங்கொடி சோபா மேல் ஏறி நின்றாள். ராமசெல்வி டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எண்ணை வாசித்தாள். வாசிக்கும்போதே, "உன் மெயில்ல ஹால் டிக்கெட்டு வந்து கெடக்கு, பாத்தியா? நீ நாள சாயங்காலம் வா, உன் நம்பரை மாத்தித் தாரேன்" என்று ஒவ்வொருவரையும் விசாரித்தாள். கணக்குகள் ஒன்றன் பின் ஒன்றாகத் திறந்தன. இந்தக் கடையில் வாங்கினது, அந்தக் கடையில் வாங்கினது, இலவசமாக விழுந்தது என்று அவரவர் சேர்த்துவைத்த கேம் எல்லாம் அந்தப் பெரிய திரையில் வந்து நிறைந்தது. தன் தெரு ஃபுட்பாலைப் பார்த்ததும் செங்கொடி ஒரு சத்தம் போட்டாள். தோழிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பந்து உருண்டது.

முதல் கோல் விழுந்த நேரத்தில்தான் தேவப்பிரியம் மேலே வந்தார். நிற்க இடமில்லாமல் படியிலேயே நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்துக்கு நடுவில் ராமசெல்வியைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இசக்கிப்பாண்டி மகளுக்கு இங்க என்ன வேல?" என்று தங்கையின் காதில் கேட்டார்.

"சரக்கு கொண்டாந்திருக்கா அண்ணே."

அவர் கூட்டத்தை இன்னொரு தரம் பார்த்தார். எதிர்க்கடையில் சரக்கு வாங்குகிற அளவுக்கு வியாபாரம் வந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ராமசெல்வியைப் பார்த்து, "காப்பி குடிச்சியாம்மா?" என்று கேட்டார். பேச்சு நின்ற பிறகு இந்தக் குடும்பத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குப் போன முதல் நல்ல வார்த்தை அதுதான். "மூட்டைக்கு வேற எடம் பாத்துக்கிடுதேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுக் காப்பி சொல்ல இறங்கிவிட்டார்.

ரெஜினாவுக்குக் கண்ணில் நீர் கட்டியது. கடை பிழைத்தது! ஆனால் அந்த நேரம் பார்த்து ராமசெல்வி ஸ்டூலை விட்டு எழுந்தாள். "எல்லாருக்கும் தொறந்தாச்சு. நான் வாரேன். ஜெராக்ஸுக்கு யாராவது வந்திருப்பாங்க."

ரெஜினாவின் சந்தோஷம் பாதியில் நின்றது. தன் கடையைக் காப்பாற்றிக்கொள்ள இவள் கடையைக் காலி பண்ணியிருக்கிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. படிக்கு முன்னால் போய் வழியை மறித்தாள்.

"எங்க போற? எனக்கு இந்தக் கணக்கு, நம்பர் எல்லாம் ஒரு எழவும் தெரியாது. நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான். பெட்டி என்னோடது, சரக்கு உன்னோடது. சேந்து நடத்துவோம்."

"போர்டுல யாரு பேரு மொதல்ல?" என்றாள் ராமசெல்வி உடனே. வியாபாரி மகள் அல்லவா!

"என் பேருதான். எடம் எங்களோடது."

"வாடிக்க பூரா என்னோடது!"

பேச ஆரம்பித்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் சண்டை. செங்கொடி நடுவில் புகுந்தாள். "யம்மா, கம்முனு இருங்க! இன்னாத்துக்கு வாய்ச் சண்ட? கைல கேம் பேடைப் புடிங்க. ஆட்டத்துல ஜெயிச்சவ பேரு மொதல்ல. இன்னா சொல்றீங்கோ?"

ஹாலே ஆமாம் என்றது. இரண்டு பேரும் திருதிருவென்று முழித்தார்கள். ஒருத்தி வருஷக்கணக்காக கேம் பெட்டி வைத்து நடத்துகிறாள், ஒருத்தி வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டர் கேம் நடத்துகிறாள். இரண்டு பேருமே ஒரு நாள்கூட ஆடினதில்லை.

ஆட்டமா அது! ரெஜினாவின் ஆள் கோட்டைத் தாண்டி வெளியே ஓடினான். ராமசெல்வியின் ஆள் நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தான். "எந்தப் பட்டனுளா?" என்று அவள் கத்த, "எனக்கென்னளா தெரியும்!" என்று இவள் கத்த, காப்பி கொண்டுவந்த தேவப்பிரியம் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு "உதை, உதை!" என்று குதித்தார். கடைசியில் பந்து எப்படியோ ரெஜினா காலில் சிக்கியது. உற்சாகம் தாங்காமல் ஓடினாள், ஓங்கி உதைத்தாள், பந்து வலைக்குள் போனது. கோல் என்று இரண்டு கையையும் தூக்கினாள். போட்டது சேம் சைடு கோல்.

கூட்டம் உருண்டு சிரித்தது. ரெஜினாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எழுதிக்கோ, உன் பேரையே மொதல்ல எழுதிக்கோ!" என்றாள்.

ராமசெல்வி சிரிக்கவில்லை. பேடை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தன வருசத்துல எத்தன பேருக்குக் கணக்கு தொறந்து குடுத்திருப்பேன்" என்றாள் மெதுவாக. "நீயும் உக்காந்து ஒரு ஆட்டம் ஆடுன்னு ஒருத்தரும் சொன்னதில்லளா."

ரெஜினா நகர்ந்து அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "இன்னொரு ஆட்டம் போடுவமா?"

"போடு" என்றாள் ராமசெல்வி, பேடை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "மொதல்ல எந்தப் பக்கம் என் கோலுன்னு யாராவது சொல்லுங்க."